பாதிரியார் இரவல் கொடுத்த புத்தகம்

ஒபதியா திர்க்கில் என்பவர் வீட்டில் நான் வேலைக்குச் சேர்ந்து ஒன்பது வருஷம் ஆகியிருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், ஒரு வாத்தை முன்னிட்டு அந்த வீட்டுக் கணவனும் மனைவியும் பேச்சை நிறுத்தினார்கள். நான் அவர்களை ஐயா, அம்மா என்றுதான் கூப்பிடுவேன். இங்கேயும் அப்படியே சொல்லிவிடுகிறேன்.

ஐயா பார்லி வியாபாரி. பார்லியை ஊறவைத்து, முளைகட்டி, உலர்த்தி, எங்கள் சஃபோக் மாவட்டத்தில் பீர் காய்ச்சுகிறவர்களுக்கெல்லாம் விற்பார். நல்ல மனிதர். குரலும் நல்ல குரல். தொல்லையே அந்தக் குரலால்தான். ஞாயிறு காலை சர்ச்சில் ஒரு பிரசங்கம் கேட்டுவிட்டு வந்த பிறகு, சாப்பாட்டுக்கு முன்னால் இன்னொரு பிரசங்கத்தை அவரே புத்தகத்திலிருந்து உரக்கப் படிப்பார். எல்லாரும் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டு கேட்க வேண்டும். வரிக்குக் கீழே விரலை வைத்து, இறக்க வேண்டிய இடத்தில் குரலை இறக்கி, ஏற்ற வேண்டிய இடத்தில் ஏற்றிப் படிப்பார். நடுவில் யாராவது இருமினால், இருமினவருக்கு அந்தப் பத்தி போய்ச் சேரவில்லை என்று முதலிலிருந்து ஆரம்பிப்பார். அதனால் எங்கள் வீட்டில் சளி பிடித்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை சமையலறையை விட்டு வெளியே வருவதில்லை.

அம்மாவின் பெயர் தாமசின். அவர் படிப்பு வேறு மாதிரி. புத்தகத்தை மாவு ஜாடியில் சாய்த்து வைத்துவிட்டு, கை மாவைப் பிசைந்துகொண்டிருக்க, கண் மட்டும் வரிகளில் ஓடும். உதடு அசையாது. கடைசிப் பக்கத்தை முதலில் படித்து, முடிவு பிடித்திருந்தால்தான் முதல் பக்கத்துக்கு வருவார். அவர் படித்த புத்தகத்தை எங்கே கண்டாலும் சொல்லிவிடலாம். வலது ஓரத்தில் வெண்ணெய்க் கட்டைவிரல் பதிந்திருக்கும்.

அன்றைய பிரசங்கத்துக்கு ஒன்பது தலைப்பு. மேஜையில் வாத்து. தோல் மொறுமொறுவென்று, வயிற்றுக்குள் ஆப்பிளும் வெங்காயமும் அடைத்து, காலையிலிருந்து அம்மா தானே நின்று திருப்பித் திருப்பிச் சுட்ட வாத்து. ஐயா 'முதலாவதாக' என்று ஆரம்பித்தபோது அதிலிருந்து ஆவி பறந்தது. 'மூன்றாவதாக' வந்தபோது ஆவி அடங்கியது. 'நான்காவதாக' என்று அவர் மூச்சு எடுத்தபோது கொழுப்பு ஓரத்தில் வெள்ளையாக உறைவதை அம்மா பார்த்தார்.

"ஆமென்" என்றார் அம்மா, தெளிவாக.

வருஷக்கணக்கில் பழகிய கால்கள். ஆமென் கேட்டதும் நானும், ஐயாவின் பார்லிக் கிட்டங்கியில் வேலை செய்கிற இரண்டு ஆட்களும் பொத்தென்று உட்கார்ந்துவிட்டோம். அம்மா கத்தியை எடுத்து வாத்தின் தொடையைப் பிரித்தார். ஐயா மட்டும் விரலை 'நான்காவதாக' மேல் வைத்தபடி நின்றார். பிறகு புத்தகத்தை மூடிக்கொண்டு, ஒரு துண்டு ரொட்டியை எடுத்துக்கொண்டு, கிட்டங்கிக்குப் போய்விட்டார்.

மறுநாளிலிருந்து எனக்கு வேலை இரட்டிப்பானது.

"கிரிசல், உங்க அம்மாகிட்ட சொல்லு, எனக்கு உப்பு வேணும்னு." உப்பு அம்மாவின் முழங்கைக்குப் பக்கத்தில் இருக்கும். இருவருக்கும் நடுவில் மூன்று அடி.

"அம்மா, ஐயாவுக்கு உப்பு வேணுமாம்."

"ஒம்பது தலைப்பு படிக்கத் தெரிஞ்சவருக்கு உப்பு எடுக்கத் தெரியாதான்னு கேளு."

"ஐயா, அம்மா என்ன கேக்கறாங்கன்னா..."

"கேட்டுச்சு, கேட்டுச்சு. எனக்கு உப்பே வேண்டாம்னு சொல்லு."

இப்படிப் பன்னிரண்டு நாள். கஞ்சி ஆறிப்போகும் வரை உப்புக்காக நான் நடுவில் நின்றுகொண்டிருப்பேன்.

சின்ன ஊர். கிட்டங்கி ஆட்கள் சும்மா இருப்பார்களா? செய்தி பாதிரியார் ஃபிட்ச் காதுக்குப் போய்விட்டது. அவர் ஒரு செவ்வாய்க்கிழமை, கக்கத்தில் ஒரு கொழுத்த புத்தகத்தை இடுக்கிக்கொண்டு வந்தார். கணவன் மனைவி கடமைகளைப் பற்றி யாரோ ஒரு பெரியவர் எழுதியது. கன்றுத்தோல் அட்டை, நானூறு பக்கம், நல்ல அகலமான ஓரங்கள்.

"இது மருந்து" என்றார் பாதிரியார். "தினம் மூணு பக்கம். ரெண்டு பேரும் சேர்ந்து உக்காந்து படிக்கணும். ஆறு வாரத்துல குணமாயிடும்."

"சேர்ந்தா?" என்றார் அம்மா.

"சேர்ந்துதான்."

"கிரிசல்" என்றார் ஐயா என்னைப் பார்த்து, "பாதிரியாரைச் சாட்சியா வச்சு உங்க அம்மாகிட்ட சொல்லு, நான் காலைல படிப்பேன், அவ மத்தியானம் படிக்கட்டும். புத்தகம் ஒண்ணுதானே, சேர்ந்து படிச்ச மாதிரிதான்."

பாதிரியார் பெருமூச்சு விட்டுவிட்டு, ஒரு குவளை பீர் குடித்துவிட்டுப் போனார். போகும்போது தன் மனைவி கொடுத்தனுப்பியதாக ஒரு வட்டச் சீஸையும் வைத்துவிட்டுப் போனார்.

அன்று முதல் காலையில் புத்தகத்தை ஐயாவிடம் கிட்டங்கியில் கொடுப்பதும், மதியம் வாங்கி அம்மாவிடம் சேர்ப்பதும் என் வேலை. கிட்டங்கியிலிருந்து வீட்டுக்கு முற்றத்தைச் சுற்றி வரவேண்டும். அந்த வழியில் ஒரு வைக்கோல் போர் இருக்கிறது. அதன் மறைவில் நானும் கொஞ்சம் படிப்பேன்.

நான் படிக்கத் தெரிந்தவள்தான். ஆனால் அச்சு எழுத்து மட்டும். எங்கள் தெருவில் ஒரு கிழவி நூல் நூற்றுக்கொண்டே பிள்ளைகளுக்குப் படிப்புச் சொல்லிக் கொடுப்பாள். முதலில் படிப்பு, அது நன்றாக வந்த பிறகுதான் எழுத்து. எழுத்துக்கு வருவதற்குள் ஏழு வயதில் என்னை வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். ஆகவே அச்சடித்த எதையும் சரளமாகப் படிப்பேன். பேனாவால் கூட்டி இழுத்து எழுதியது என் கண்ணுக்குப் புழு நெளிகிற மாதிரிதான்.

மூன்றாம் நாள் வைக்கோல் போர் மறைவில் புத்தகத்தைத் திறந்தேன். ஓரத்தில் மையால் ஒரு சின்னக் கை. சுட்டுவிரல் நீட்டிய கை. முக்கியமான வரிக்கு எதிரே அப்படி ஒரு கை போட்டு வைப்பது படிக்கிறவர்களின் பழக்கம்தான். இது ஐயா வரைந்த கை என்று பார்த்ததும் தெரிந்தது. விரல் முள்ளங்கி மாதிரி இருந்தது. அது சுட்டிய வரி: "மனைவியானவள் தன் குரலைத் தாழ்த்திப் பேசக் கடவாள்."

மறுநாள் எதிர்ப் பக்கத்தில் இன்னொரு கை. மெல்லிய விரல், மணிக்கட்டில் சரிகை வைத்த சட்டை விளிம்பு, ஒவ்வொரு மடிப்பும் தெரிந்தது. அது சுட்டிய வரி: "கணவன் சிறுமையான காரியங்களுக்குக் கோபம் கொள்ளாதிருப்பானாக."

அதற்கு மறுநாள் ஐயாவின் முள்ளங்கிக் கைகள் ஒரே பக்கத்தில் நான்கு.

நான் பயந்துவிட்டேன். அடுத்த வாரம் ஒரு பக்கத்தில் பதினோரு கைகள் எண்ணினேன். ஒன்றுக்கு ஆறு விரல்; ஐயா அவசரத்தில் கணக்குத் தவறியிருக்க வேண்டும். பிறகு கைகளுக்குப் பக்கத்தில் புழுக்கள் நெளிய ஆரம்பித்தன. ஐயாவின் புழுக்கள் தடியாக, ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் படுத்திருந்தன. அம்மாவின் புழுக்கள் வரிசையாக, அழகாக, ஒரே சாய்வில் நடந்தன. என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குத் தெரியாது. முகங்களை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும்.

முகங்களிலும் ஒன்றும் பிடிபடவில்லை. முதல் வாரம் ஐயா புத்தகத்தைத் திறந்தால் காது சிவக்கும். இரண்டாம் வாரம் ஒருநாள் திறந்தவர் "ஹா!" என்று சிரித்துவிட்டு, நான் நிற்பதைப் பார்த்து அந்தச் சிரிப்பை இருமலாக மாற்றினார். அம்மா மதியம் ஒரு மணிக்கு வாங்கிக்கொண்டிருந்த புத்தகத்தைப் பதினொன்றரைக்கே கேட்டார்.

"உங்க ஐயா படிச்சிட்டாரா?"

"இன்னும் எழுதிட்டு இருக்காரும்மா."

"எவ்வளவு எழுதினாரு? நீளமா? அரைப் பக்கம் இருக்குமா?"

"பேனாவ ரெண்டு தடவை சீவினாரும்மா."

அம்மா மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போய் நின்றார்.

நடுவில் ஒருநாள் மட்டும் பெரிய விபரீதம் நடந்தது. அம்மா ஒரு பக்கத்தைப் படித்தார், முகம் வெளுத்தது, பேனாவை மைக்குள் குத்தி ஒரே ஒரு வரி எழுதி, புத்தகத்தை டப்பென்று மூடினார். மறுநாள் ஐயா அதைப் படித்துவிட்டுத் தலையைச் சொறிந்துகொண்டே இருந்தார். "இவளுக்கு என்ன ஆச்சு?" என்று பார்லி மூட்டையைப் பார்த்துக் கேட்டார். அதற்குப் பிறகு இரண்டு நாள் ஓரத்தில் புழுக்களே இல்லை. பிறகு மெல்ல மறுபடி ஆரம்பித்தன.

ஐந்தாம் வாரம் திங்கட்கிழமை. ஐயா ஆற்றங்கரையில் படகில் ஏறும் மூட்டைகளைப் பார்க்கப் போயிருந்தார். அம்மா சந்தைக்குப் போயிருந்தார். பாதிரியார் வாசலில் வந்து நின்றார்.

"கிரிசல், அந்தப் புத்தகத்தை எடுத்துட்டு வா. உங்க வீட்டுல இப்போ நிலைமை பரவாயில்லன்னு கேள்விப்பட்டேன். சேணம் தைக்கிற பெட்டிங்கல் வீட்டுல நேத்து நாலு தட்டு ஒடஞ்சிருக்கு. அவங்களுக்கு அவசரமாத் தேவைப்படுது."

அவருடைய புத்தகம். அவர் கேட்கிறார். நான் என்ன சொல்ல முடியும்? அதைச் சுத்தமான துணியில் சுற்றிக் கொடுத்தேன். அவர் பிரிக்காமலே எடுத்துக்கொண்டு போனார். அதே நேரத்தில் என் அக்காவுக்கு இடுப்பு வலி கண்டிருப்பதாக ஆள் வந்தது. அக்கா பக்கத்து ஊரில் இருக்கிறாள். அடுப்படியில் வேலையாயிருந்த பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் சொல்லிவிட்டு, முக்காட்டைப் போட்டுக்கொண்டு ஓடினேன். புத்தகத்தைப் பற்றி யாரிடமும் சொல்லத் தோன்றவில்லை.

புதன்கிழமை மதியம் திரும்பி வந்தபோது வீட்டில் இடிக்கு முன்னால் இருக்கிற மாதிரி ஒரு இறுக்கம். ஐயா மேஜையின் ஒரு தலையில், அம்மா மறு தலையில்.

"கிரிசல்" என்றார் அம்மா. "வந்துட்டியா? உங்க ஐயாகிட்ட சொல்லு, ரெண்டு நாளா புத்தகத்தைக் கட்டிப்பிடிச்சிட்டுத் தூங்கறது போதும், கொஞ்சம் இந்தப் பக்கமும் அனுப்பலாம்னு."

ஐயா கரண்டியைக் கீழே வைத்தார். "நானா? என்கிட்டயா? நீதானே வச்சிருக்க!"

"நான் எங்கே வச்சிருக்கேன்? ஞாயித்துக்கிழமை சாயங்காலமே உங்ககிட்ட போயிடுச்சே!"

"திங்கக்கிழமை காலைல நான் படிச்சு முடிச்சு இந்த மேஜை மேலதான் வச்சேன், தாமசின்!"

சொல்லிவிட்டு இருவரும் வாயை மூடிக்கொண்டார்கள். ஏழு வாரத்தில் அவர்கள் நேருக்கு நேர் பேசிய முதல் பேச்சு அதுதான். பிறகு இருவரும் ஒன்றாக என் பக்கம் திரும்பினார்கள்.

நான் சொன்னேன்.

அம்மா நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். "பாதிரியார்கிட்டயா? அப்படியேவா?"

"துணில சுத்திதாம்மா குடுத்தேன்."

"துணில சுத்தினா எழுத்து அழிஞ்சிருமாடி?"

"இருநூத்திப் பன்னிரண்டாம் பக்கம்" என்றார் ஐயா. அவர் குரல் அவ்வளவு தாழ்ந்து நான் கேட்டதில்லை.

"எனக்குத் தெரியும் எந்தப் பக்கம்னு" என்றார் அம்மா.

ஐயா தொப்பிகூடப் போடாமல் கிளம்பினார். அம்மா ஏப்ரனோடு. நான் பின்னால் ஓடினேன். பாதிரியார் வீட்டில் அவர் இல்லை. சேணக்காரர் வீட்டுக்குப் போயிருக்கிறார் என்று தோட்டக்காரன் சொன்னான். "எதுக்கு?" என்று ஐயா கேட்டார். "தட்டு ஒடையற சத்தம் நின்னுபோச்சாம் ஐயா. என்ன ஆச்சோன்னு கவலைல போயிருக்காரு."

குறுக்குச் சந்து வழியாகப் போனதால் பாதிரியாரை முந்திவிட்டோம். ஆனால் சேணக்கடை வாசலிலேயே நின்றுவிட வேண்டியதாயிற்று. உள்ளே இருபது பேர் இருப்பார்கள். வண்டிக்காரர்கள், பால்காரி, ரொட்டிக்காரர், ஞாயிற்றுக்கிழமை தட்டு எறிந்த சேணக்காரர் மனைவி யூனிஸ் பெட்டிங்கல் எல்லாரும் தோல் சுருள்கள்மேல் வசதியாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு முக்காலியில் பெட்டிங்கல். மடியில் எங்கள் புத்தகம். எங்கள் ஊரில் ஒரு புத்தகம் சுவாரசியமாக இருந்தால் அதைத் தனியாகப் படிப்பது கஞ்சத்தனம்.

"அச்சுல என்ன போட்டிருக்குன்னா" என்று பெட்டிங்கல் படித்தார், "'கணவனே வீட்டுக்குத் தலை.' அதுக்கு முள்ளங்கிக் கை ஒண்ணு. அதுக்குக் கீழ அந்தம்மா எழுதியிருக்காங்க, 'தலை சரி. அந்தத் தலைக்குத் தொப்பி எங்கேன்னு தினமும் காலைல என்கிட்ட கேக்கறது எந்தத் தலை?'"

கடை அதிர்ந்தது. வாசலில் தொப்பி இல்லாமல் நின்ற ஐயா தலையைத் தடவிக்கொண்டார்.

"அவர் விடுவாரா? 'வெச்ச எடத்துல தொப்பிய விட்டு வெச்சா நான் ஏன் கேக்கறேன்?' அடுத்தது கேளுங்க. 'கணவன் தன் மனைவியின் உழைப்பைப் புகழ்வானாக'ன்னு அச்சு. சரிகைக் கை. ஒரு வார்த்தை எழுதல, வெறும் கை. கீழ அவர்: 'வாத்து நன்றாக இருந்தது, ஆறியிருந்தாலும்.' அந்தம்மா: 'ஆறினது யாரால?' அவர்: 'ஆறாவது வரைக்கும் கேட்டிருந்தா ஆறினதே தெரிஞ்சிருக்காது.'"

நான் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தேன். ஐந்து வாரமாக நான் சுமந்து திரிந்த புழுக்களெல்லாம் அன்றுதான் வாய் திறந்து பேசின. அம்மாவைப் பார்த்தேன். கோபமாக இருப்பார் என்று நினைத்தேன். அவர் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார், தன் வரிக்கு ஊர் சிரிப்பதைக் கேட்டு.

"இங்க பாருங்க, இது கொஞ்சம் கொடூரம்" என்று பெட்டிங்கல் பக்கத்தைத் திருப்பினார். "அவர் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கு. 'என் மனைவியின் கையெழுத்து... ஒரு... கழுதை.'"

"ஐயையோ" என்றாள் பால்காரி.

"அந்தம்மா ஒரே வரி: 'இந்தக் கழுதைதான் பதினாறு வருஷமா உங்க மூட்டையைச் சுமக்குது.'"

யாரும் சிரிக்கவில்லை. யூனிஸ் மட்டும், "அந்தாளு தலைல நான் தட்டைப் போட்டிருப்பேன்" என்றாள்.

"கழுதையா?" என்று வாசலிலிருந்து ஒரு முழக்கம். ஒன்பது தலைப்புப் பிரசங்கம் படிக்கிற அந்தக் குரல். இருபது தலைகள் திரும்பின. "எங்கேய்யா கழுதை? குடுய்யா புத்தகத்தை!"

ஐயா தோல் சுருள்களைத் தாண்டிப் போய்ப் புத்தகத்தைப் பிடுங்கினார். கண்ணுக்கு அருகே வைத்துப் பார்த்தார்.

"கவிதை!" என்றார். "கழுதை இல்ல, கவிதை! 'என் மனைவியின் கையெழுத்து ஒரு கவிதை.' இதோ இது 'வி'. இது எப்படிய்யா 'ழு' ஆகும்?"

பெட்டிங்கல் எட்டிப் பார்த்தார். "அதுக்கு வால் இருக்கே."

"அது மை ஒழுகினது!"

அம்மா மெல்ல உள்ளே வந்தார். புத்தகத்தை வாங்கிப் பார்த்தார். ஜன்னல் பக்கம் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். "நானும் கழுதைன்னுதான் படிச்சேன்" என்றார்.

"அதான் எனக்கு ஒண்ணும் புரியல! நான் கவிதைன்னு எழுதறேன், நீ மூட்டையைச் சுமக்கிறேன்னு எழுதற. ரெண்டு நாள் மண்டையைப் பிச்சுக்கிட்டேன்."

"வாயால ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"நாமதான் பேசறதில்லையே!"

இப்போது கடை சிரித்தது பாருங்கள், வெளியே கட்டியிருந்த குதிரை மிரண்டு கனைத்தது. அம்மா முகம் கழுத்துவரை சிவந்திருந்தது. "மத்ததையும் ஒழுங்காப் படிச்சாரா, இல்ல எல்லாத்தையும் இப்படித்தான் கெடுத்தாரா?" என்று புத்தகத்தைப் புரட்டினார். தன் வரிகளைப் பெட்டிங்கல் நிறுத்தம் இல்லாமல் படித்துவிட்டார் என்று அம்மாவுக்கு ஆத்திரம். "தொப்பி வரியை இப்படியா படிக்கிறது? 'எந்தத் தலை'ங்கிற இடத்துல நிறுத்தணும்."

"நீயே படிச்சுக் காட்டேன்" என்றாள் யூனிஸ்.

அவ்வளவுதான். அம்மா தன் வரிகளைப் படித்தார், ஐயா தன் வரிகளைப் படித்தார். இருவரும் ஒரே புத்தகத்தின் இரண்டு ஓரங்களைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பாதிரியார் ஐந்து வாரத்துக்கு முன்னால் சொன்ன மாதிரி, சேர்ந்து. ஐயா இறக்க வேண்டிய இடத்தில் குரலை இறக்கினார். அம்மா ஒவ்வொரு வரிக்கும் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து அடுத்ததை விட்டார். வண்டிக்காரர்கள் முழங்காலில் தட்டினார்கள். இப்படியே போய், ஒரு பக்கத்தைத் திருப்பியதும் இருவரும் ஒன்றாக நின்றார்கள்.

இருநூற்றுப் பன்னிரண்டு.

"ஏன் நிறுத்திட்டீங்க?" என்றது வாசலில் ஒரு குரல். பாதிரியார் ஃபிட்ச். மகிழ்ச்சியில் அவர் முகம் பளபளத்தது. "சந்தோஷம்! ரொம்ப சந்தோஷம்! ஒரே புத்தகத்தை ரெண்டு பேரும் பிடிச்சிட்டு நிக்கறீங்க. மருந்து வேலை செஞ்சிருச்சு. படிங்க, நானும் கேக்கறேன்."

"வேலை இருக்கு பாதிரியாரே" என்றார் ஐயா.

"இவ்வளவு பேருக்கு இல்லாத வேலையா? படிங்க."

அம்மா தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "அச்சுல, 'இருவரும் ஒன்றாக அமர்ந்து பிரசங்கம் கேட்பார்களாக'ன்னு இருக்கு. அதுக்கு என் வீட்டுக்காரர் எழுதியிருக்காரு... 'நம் பாதிரியார் பிரசங்கம் தேன் மாதிரி இனிப்பா இருக்கு.'"

"ஆமா, தேன்" என்றார் ஐயா வேகமாக.

"அதுக்கு நான்... 'அவர் வீட்டுச் சீஸும் அதே மாதிரி'ன்னு."

பெட்டிங்கல் ஏற்கெனவே அந்தப் பக்கத்தைப் படித்திருந்தார் போலிருக்கிறது. அவர் முகத்தை ஒரு சேணத்துக்குள் புதைத்துக்கொண்டார். முதுகு குலுங்கியது.

பாதிரியாருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "எங்கே, நானே பாக்கறேன்" என்று புத்தகத்தை வாங்கிக்கொண்டார். கண்ணாடியை மூக்கில் ஏற்றினார். ஐயா வாசலைப் பார்த்தார். வாசலை ரொட்டிக்காரர் அடைத்துக்கொண்டு நின்றார்.

ஐயாவின் கோழிக் கிளறலைப் படிக்க அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. உண்மையில் அங்கே எழுதியிருந்தது இதுதான்: 'கேட்கலாம். ஆனால் ஃபிட்ச் பேசும்போது கேட்பது கஷ்டம், தூங்குவது சுலபம்.' அதன்கீழ் அம்மாவின் அழகான எழுத்தில்: 'இந்தப் புத்தகத்தில் முதல் தடவையாக உங்களோடு ஒத்துப்போகிறேன். அவர் மனைவி கொடுத்த சீஸில் கத்தி இறங்கவில்லை. பின்கதவு ஆடாமல் இருக்க அதை முட்டுக் கொடுத்திருக்கிறேன்.'

பாதிரியார் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டு மறுபடி படித்தார்.

"கதவு" என்றார் கடைசியில். "ஆடாம நிக்குதா?"

"நல்லா நிக்குதுங்க" என்றார் அம்மா, தரையைப் பார்த்தபடி.

"எங்க வீட்டுல மாடி ஜன்னல் ஒண்ணு ரொம்ப நாளா அடிச்சுக்குது." அவர் கொஞ்சம் யோசித்தார். "இருபத்திரண்டு வருஷமா அந்தச் சீஸைச் சாப்பிடறேன், திர்க்கில். எனக்கு இந்த யோசனை வரலியே."

பிறகு புத்தகத்தை மூடி அம்மா கையில் கொடுத்தார். "இது இனிமே உங்க வீட்டுலயே இருக்கட்டும். என் வீட்டுக்கு மட்டும் வரவேண்டாம். எங்க வீட்டுல எந்தப் புத்தகம் வந்தாலும் என் மனைவிதான் முதல்ல படிப்பா." வாசலில் ஒருகணம் திரும்பினார். "தூங்கறதைப் பத்தி ஞாயித்துக்கிழமை பேசுவோம்."

அவர் சொன்னபடியே பேசினார். அந்த ஞாயிறு பிரசங்கம் ஒன்றே முக்கால் மணி நேரம், முழுக்க எங்கள் பெஞ்சைப் பார்த்தபடி. ஐயாவும் அம்மாவும் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. ஒருவர் தொடையை ஒருவர் கிள்ளிக்கொண்டே உட்கார்ந்திருந்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் ஐயா தன் பிரசங்கப் புத்தகத்தை எடுத்தார். அம்மா அவரைப் பார்த்தார். ஐயா மேஜையில் இருந்த ஆட்டுக்கறியைப் பார்த்தார். "சாப்பிட்டுட்டுப் படிக்கலாம்" என்றார். சாப்பிட்ட பிறகு 'இரண்டாவதாக' வருவதற்குள் அவரே தூங்கிவிட்டார்.

புத்தகம் அலமாரியில் இருந்தது. எனக்கு அதில் ஒரு லாபம். கடையில் அவர்கள் உரக்கப் படித்த வரிகள் எல்லாம் எனக்கு மனப்பாடம். எது எந்தப் பக்கம் என்பதும் கைகளை வைத்துத் தெரியும். ஆகவே வேலை ஓய்ந்த பிற்பகல்களில் வரியையும் புழுவையும் பொருத்திப் பார்த்தேன். இது 'தொப்பி', இது 'தலை', இது 'வாத்து'. குளிர்காலம் முடிவதற்குள் கையெழுத்து படிக்க வந்துவிட்டது. முதலில் அம்மாவுடையது, பிறகு மூக்கால் அழுதுகொண்டே ஐயாவுடையது.

அப்படிப் படிக்கப் போய்த்தான் முந்நூற்று நாற்பதாம் பக்கம் கண்ணில் பட்டது. வேலைக்காரர்களைப் பற்றிய அத்தியாயம். சரிகைக் கை ஒன்று, முள்ளங்கிக் கை ஒன்று, இரண்டும் ஒரே இடத்தைச் சுட்டின. அம்மா: 'கிரிசல் சுடும் ரொட்டியைப் பற்றி உங்கள் அபிப்பிராயம் என்ன?' ஐயா: 'பாதிரியாரின் சீஸுக்குத் துணையாக முன்கதவில் வைக்கலாம்.' அம்மா: 'அவளிடம் சொல்லிவிடாதீர்கள். மனசு கஷ்டப்படுவாள். நல்ல பெண்.' ஐயா: 'நல்ல பெண்தான். அதனால்தான் ஒன்பது வருஷமாக மெல்கிறேன்.'

நான் ஒரு நாள் முழுக்க யாரோடும் பேசவில்லை. அவர்கள் கவனித்ததாகத் தெரியவில்லை. மறுநாள் ரொட்டிக்காரரிடம் போய், மாவு எவ்வளவு நேரம் உப்ப வேண்டும் என்று கேட்டுக்கொண்டு வந்தேன்.

அவர்கள் கவனிக்காததற்குக் காரணம் இருந்தது. வசந்தம் வந்தபோது வீட்டில் ஒரு சோர்வு தட்டியிருந்தது. வாயால் சண்டை போட்டுப் பார்த்தார்கள். ருசிக்கவில்லை. வாயால் பேசும்போது ஐயாவுக்கு நல்ல பதில் மறுநாள்தான் தோன்றும், அம்மாவுக்கு உடனே தோன்றிவிடும், ஆட்டம் சமமாக இல்லை. அந்தக் கடமைப் புத்தகத்தில் விரல் வைக்கக்கூட இடம் பாக்கி இல்லை.

ஒரு சந்தை நாள் ஐயா, புத்தகக் கூடையோடு வருகிற வியாபாரியை நிறுத்தினார். நான் பக்கத்தில் முட்டைக் கூடையோடு நின்றேன்.

"என்ன விஷயமா வேணும் ஐயா? பயணம் இருக்கு, வைத்தியம் இருக்கு, பிரார்த்தனை இருக்கு."

ஐயா ஒவ்வொன்றாகத் திறந்து, ஓரத்தில் கட்டைவிரலை வைத்து அளந்து பார்த்தார். கடைசியில் ஒன்றை எடுத்துக்கொண்டார். தேனீ வளர்ப்பு. முந்நூறு பக்கம். கட்டைவிரல் இரண்டு அகலத்துக்கு ஓரம்.

அடுத்த மாதம் பாதிரியார் ஃபிட்ச் வந்தபோது அது மேஜைமேல் கிடந்தது. அவர் அட்டையைப் பார்த்தாரே தவிரத் திறக்கவில்லை. பட்டறிவு.

"தேனீயா? நல்ல காரியம். எத்தனை கூடு வச்சிருக்கீங்க?"

ஐயாவும் அம்மாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இருவர் விரலிலும் மை இருந்தது.

"கூடு எதுவும் இல்லீங்க" என்றார் அம்மா. "வைக்கலாமா வேண்டாமான்னுதான் இன்னும் விவாதம் பண்ணிட்டு இருக்கோம்."